பொது இடத்தில் மின்சாரக் காருக்கு சார்ஜ் போடுவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டு முதல் நீண்ட பயணத்துக்குக் கிளம்புகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவரும் அதையேதான் கேட்பார். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

வீட்ல போடறதுக்கும் வெளியில பெரிய சார்ஜர்ல போடறதுக்கும் என்ன வித்தியாசம்? கரண்ட் கரண்ட்தானே?

கம்பியில் வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பேட்டரியில் சேமிக்க முடிவது ஒரே திசையில் ஓடும் டிசி மட்டும். ஆக எங்கேயோ ஓர் இடத்தில் ஏசியை டிசியாக மாற்றியாக வேண்டும். வீட்டிலும், கடை வாசல்களில் இருக்கும் ஒல்லியான கம்பங்களிலும் அந்த மாற்றம் காருக்குள்ளேயே நடக்கிறது. அந்தக் கம்பம் உண்மையில் பாதுகாப்பு வசதிகள் கொண்ட ஒரு நல்ல பிளக் பாயிண்ட், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையில் ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி நிற்கிறதே, அதில் மாற்றும் வேலை பெட்டிக்குள்ளேயே முடிந்து டிசி நேராக பேட்டரிக்குப் போகிறது. பக்கத்தில் போனால் விசிறி இரைவது கேட்கும், அந்த வேலையில் வரும் சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறது. காருக்குள் வைக்கிற கருவிக்கு எடை, இடம் என்று எல்லை உண்டு, வெளியே நிற்கும் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. டிசி வேகமாக ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

22 கிலோவாட்னு எழுதியிருக்கு, என் கார்ல 7-தான் ஏறுது. ஏமாத்தறாங்களா?

இல்லை. மேலே சொன்னபடி ஏசியில் போடும்போது மாற்றும் கருவி உங்கள் காருக்குள் இருக்கிறது. அதன் கொள்ளளவு 7.4 கிலோவாட் என்றால் கம்பம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும் கார் 7.4-தான் வாங்கும். சில கார்களில் 3.3, சிலவற்றில் 11, சிலவற்றில் 22 இருக்கும். கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், இந்த எண்ணைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. தயவுசெய்து கேளுங்கள்.

சரி, அது ஏசி. 350 கிலோவாட் டிசி சார்ஜர்ல போட்டும் 120-தான் காட்டுது, அது ஏன்?

இதற்கு நாலைந்து காரணம் இருக்கலாம். முதலாவது உங்கள் காரின் சொந்த உச்சவரம்பு. இரண்டாவது வோல்டேஜ். பெரும்பாலான கார்களின் பேட்டரி 400 வோல்ட் வகையைச் சேர்ந்தது, சார்ஜர் கேபிள் 500 ஆம்பியர் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் 400-ஐ 500-ஆல் பெருக்கினால் 200 கிலோவாட், அதற்கு மேல் வழியே இல்லை. 350-ஐ நெருங்க வேண்டுமென்றால் 800 வோல்ட் கார் வேண்டும். 2019-ல் வந்த போர்ஷே டைகான் அந்த வகையில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் கார்.

மூன்றாவது, பக்கத்துக் கார். பல நிலையங்களில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கன் (கேபிளின் முனையில் இருக்கும், காரில் சொருகும் பிடி) போகும், இரண்டிலும் கார் நின்றால் சக்தி பங்காகிவிடும். வேறு பெட்டி காலியாக இருந்தால் அங்கே போய் நிறுத்துங்கள். நான்காவது குளிர். பேட்டரி உறைகிற அளவு குளிர்ந்திருக்கும்போது வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும், அதனால் காரே வேகத்தைக் குறைத்துவிடும். நிறைய கார்களில் வழிகாட்டும் மேப்பில் சார்ஜிங் நிலையத்தைக் குறித்துவிட்டால் போகிற வழியிலேயே பேட்டரியைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும், அதைப் பயன்படுத்துங்கள்.

80 சதவீதத்துக்கு மேல ஏன் நகரவே மாட்டேங்குது?

காலியான அரங்கில் முதலில் வருகிறவர்களுக்குச் சட்டென்று இடம் கிடைக்கும், நிரம்பிய பிறகு வருகிறவர்கள் தேடித்தேடித்தான் உட்கார வேண்டும். பேட்டரிக்குள்ளும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிரம்பும் நேரத்தில் செல்லின் வோல்டேஜ் அதன் உச்சத்தைத் தொட்டுவிடும், அதைத் தாண்டவிடாமல் இருக்க கார் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். பல கார்களில் 80-லிருந்து 100-க்குப் போக ஆகும் நேரம், 10-லிருந்து 80-க்கு வர ஆன நேரத்துக்குச் சமமாக இருக்கும், சிலவற்றில் அதைவிட அதிகம்.

அதனால் நீண்ட பயணத்தில் ஒருமுறை முழுசாக நிரப்புவதைவிட இரண்டுமுறை 10-லிருந்து 70 வரை ஏற்றுவது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பின்னால் ஆள் காத்திருக்கும்போது 95-ல் நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் என்று இருப்பது நியாயமில்லை. அடுத்த நிலையத்துக்கு அது இல்லாமல் போகவே முடியாது என்றால் மட்டும் இருங்கள்.

எத்தனை வகை பிளக்தான் இருக்கு? என் காருக்கு எது?

டிசி பக்கத்தில் முக்கியமாக ஐந்து. ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் சிசிஎஸ்-2. வட அமெரிக்காவில் இதுவரை சிசிஎஸ்-1, இப்போது டெஸ்லாவின் பிளக். சீனாவில் ஜிபி/டி. ஜப்பானில் சாடெமோ. டெஸ்லா தன் பிளக்கின் வடிவமைப்பை 2022 நவம்பரில் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது, 2023 மே மாதம் ஃபோர்டு, ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு மாறுவதாக அறிவித்தன, அப்புறம் வரிசையாக மற்ற நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. சாடெமோ ஜப்பானுக்கு வெளியே குறைந்துகொண்டே வருகிறது, அந்தப் பிளக் உள்ள பழைய கார் வாங்குகிறவர்கள் போகிற வழியில் அது எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் நாட்டில் புதிதாக விற்கும் காரில் எந்தப் பிளக் வருகிறதோ அதைத்தான் புதிய நிலையங்களிலும் வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காருக்கும் பழைய காருக்கும்தான் இது தலைவலி.

கொட்டுற மழையில போடலாமா? ஷாக் அடிக்காதா?

போடலாம். கன்னை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிசிஎஸ்-2 கன்னின் கீழ்ப்பகுதியில் தடியாக இரண்டு முனைகள் இருக்கும், டிசி போவது அதில். மேலே வட்டமான பகுதியில் இருக்கும் சின்ன முனைகள் பேசுவதற்கு. நீங்கள் சொருகியதும் காரும் சார்ஜரும் அந்தச் சின்ன முனைகள் வழியாக ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. பூட்டு விழுந்ததா, எவ்வளவு வோல்டேஜ் வேண்டும், எங்கேயாவது மின்கசிவு இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் காருக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும்வரை பெரிய முனைகளில் பேட்டரியின் மின்சாரம் கிடையாது, நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் கன் உயிரில்லாதது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கேபிள் உறை கிழிந்திருந்தாலோ, கன்னின் முனை கருகியோ வளைந்தோ இருந்தாலோ அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

மேப்ல பச்சை காட்டுது, நம்பி போனா வேலை செய்யல. இது எப்படி?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான், எனக்கும் மனசை உறுத்துகிற கேள்வி இதுதான். மேப்பில் தெரியும் பச்சை, சார்ஜர் தன்னைப் பற்றித் தானே அனுப்பும் செய்தி. அதற்குள் இருக்கும் சின்னக் கணினி இன்டர்நெட்டில் இருக்கிறது, யாரும் சொருகவில்லை, தனக்குத் தெரிந்து கோளாறு ஏதும் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். திரை உறைந்திருக்கலாம், கார்டு வாசிக்கும் கருவி செத்திருக்கலாம், கன்னின் பூட்டு உடைந்திருக்கலாம், அதெல்லாம் அந்தச் செய்தியில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு 9 சதவீதத்தோடு ஒரு நிலையத்துக்குப் போனேன். ஆப்பில் இரண்டு கன்னும் பச்சை. முதலாவதன் திரை முழுக்க வெள்ளை, தொட்டால் அசைவில்லை. இரண்டாவது நன்றாகத்தான் தொடங்கியது, விசாரணை எல்லாம் முடிந்து டக் சத்தமும் கேட்டது, இருபது விநாடியில் நின்றுவிட்டது. ஆறு தடவை கழற்றிச் சொருகினேன், ஆறு தடவையும் அதே இருபது விநாடி. உதவி எண்ணில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவர் திரையிலும் அது பச்சையாகத்தான் தெரிந்தது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஹீட்டரை அணைத்துவிட்டு அடுத்த நிலையத்துக்கு ஓட்டினேன். அன்றிலிருந்து நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கடைசியாக யார், எப்போது, வெற்றிகரமாக சார்ஜ் போட்டார்கள் என்று பார்க்கிறேன். பிளக்‌ஷேர் மாதிரி பயன்படுத்தியவர்களே குறிப்பு எழுதும் ஆப்களில் அது கிடைக்கும். இன்று காலை ஒருவர் போட்டிருக்கிறார் என்றால் நம்பலாம். மூன்று வாரமாக யாருமே எழுதவில்லை என்றால் கையில் மாற்றுவழி இல்லாமல் போகாதீர்கள்.

ஆனா கம்பெனிங்க 97, 98 சதவீதம் இயங்குதுன்னு சொல்றாங்களே, பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன், அளக்கிற முறையில் இருக்கிறது சங்கதி. 2022-ல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 181 பொது வேக சார்ஜிங் நிலையங்களுக்கு நேரில் போய் 657 சார்ஜர்களைச் சோதித்தது. இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறினாலே வேலை செய்வதாகக் கணக்கு. அப்படியும் 72.5 சதவீதம்தான் தேறியது. 22.7 சதவீதத்தில் திரை, பணம் செலுத்தும் கருவி, நெட்வொர்க், உடைந்த கன் என்று ஏதாவது ஒரு பழுது. 4.9 சதவீதத்தில் கேபிள் காரை எட்டவில்லை. அந்த நேரத்தில் நிறுவனங்கள் சொன்ன எண் 95-லிருந்து 98. சுமார் எட்டு நாள் கழித்து ஒரு பகுதியை மறுபடி போய்ப் பார்த்தார்கள், மொத்தத்தில் மாற்றமே இல்லை. எனக்கு வலித்தது அந்தக் கடைசி வரிதான், எட்டு நாள் கழித்தும் நிலைமை தேறியிருக்கவில்லை.

97 சதவீதம் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், வருஷத்தில் 11 நாள் இயங்காமல் இருக்கலாம் என்று ஆகிறது. அமெரிக்க மத்திய அரசின் நிதியில் நெடுஞ்சாலைகளில் வைக்கும் சார்ஜர்களுக்கு விதி அதுதான், மின்தடை போன்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. பிரிட்டன் 2024 நவம்பரிலிருந்து வேக சார்ஜர்களுக்கு 99 சதவீதம் கேட்கிறது, நெட்வொர்க் முழுவதற்குமான சராசரியாக. சராசரியில் நூறு நல்ல சார்ஜர்களுக்கு நடுவே ஒன்று மாதக்கணக்கில் செத்துக் கிடந்தாலும் எண் அழகாகவே இருக்கும். என்னைக் கேட்டால் எண்ண வேண்டியது, சொருகியவர்களில் எத்தனை பேருக்கு முதல் முயற்சியிலேயே சார்ஜ் ஏறியது என்பதைத்தான்.

கெட்டுப்போனா யார்தான் சரி பண்ணணும்?

இடத்தின் சொந்தக்காரர் ஒருவர், சார்ஜரை வைத்து நடத்துபவர் இன்னொருவர், நீங்கள் பணம் கட்டும் ஆப் மூன்றாமவருடையது, பெட்டியைத் தயாரித்தவர் நான்காமவர், மின் இணைப்பு கொடுத்தவர் ஐந்தாமவர். பல நிலையங்களில் நிலைமை இதுதான். நடத்துபவர்தான் பொறுப்பு என்று காகிதத்தில் இருக்கும், ஆனால் உதிரிபாகம் தயாரிப்பாளரிடமிருந்து வரவேண்டும், சாவி இடத்துக்காரரிடம் இருக்கும். இப்படியே நாள் ஓடும். ஒரே நிறுவனமே காரும் பெட்டியும் மென்பொருளும் செய்து நிலையத்தையும் நடத்துகிற இடங்களில் பழுது குறைவாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், டெஸ்லாவின் நிலையங்கள் அதற்கு உதாரணம்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப் இறக்கணுமா?

இப்போதைக்குப் பல இடங்களில் ஆமாம், இது மாறியே ஆகவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13-லிருந்து வைக்கும், 50 கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள பொது சார்ஜர்களில் வங்கி கார்டைக் காட்டியே பணம் கட்ட முடிய வேண்டும் என்று சட்டம். முன்பே முக்கியச் சாலைகளில் வைத்தவற்றுக்கும் 2027-லிருந்து அது பொருந்தும். நார்வே 2023-லேயே புதிய வேக சார்ஜர்களுக்கு கார்டு கருவியைக் கட்டாயமாக்கிவிட்டது.

இன்னொரு வழி, சொருகினாலே கார் தன்னை அடையாளம் சொல்லி பணம் தானாகக் கழிவது. ஐஎஸ்ஓ 15118 என்ற தரத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் காரும் நிலையமும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரே வழி, கிளம்பும் முன் வீட்டிலேயே ஆப்களை இறக்கி, கணக்கு திறந்து, கார்டைச் சேர்த்து வைத்துவிடுவது. சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது கொடுமை.

சார்ஜே ஏறல, ஆனா பணம் பிடிச்சுட்டாங்க!

பெரும்பாலும் அது முன்பிடிப்பு. எவ்வளவு ஏறும் என்று தெரியாததால் ஒரு தொகையை முதலில் நிறுத்திவைத்துவிட்டு, முடிந்ததும் உண்மையான தொகையை மட்டும் எடுப்பார்கள். மிச்சம் சில நாளில் விடுபடும். ஆறு தடவை முயற்சி செய்தால் ஆறு தடவை நிறுத்தப்படலாம், என்னுடைய அந்த இரவில் அதுவும் நடந்தது. ஒரு வாரத்தில் திரும்பாவிட்டால் வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

முடிஞ்சிடுச்சு, ஆனா கன் கழல மாட்டேங்குது. சிவப்பு பட்டனை அழுத்தலாமா?

வேண்டாம். சிவப்பு பட்டன் தீ, புகை மாதிரியான ஆபத்துக்கு. அதை அழுத்தினால் சிலவற்றில் ஆள் வந்து மீட்டமைத்தால்தான் மறுபடி இயங்கும், அடுத்து வருகிறவர் பாவம். சிசிஎஸ்-2-ல் பூட்டு இருப்பது காரில். காரைச் சாவியால் ஒருமுறை பூட்டித் திறங்கள், கேபிளின் கனம் பூட்டின் மேல் விழாதபடி கன்னைக் கையால் லேசாக உள்ளே அழுத்தித் தூக்கிப் பிடித்து இழுங்கள். அதற்கும் வராவிட்டால் நிறைய கார்களில் கையால் விடுவிக்கும் ஒரு கயிறோ நெம்புகோலோ டிக்கிக்குள் இருக்கும். அது எங்கே என்று பயணத்துக்கு முன்பே கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இவ்வளவு தேவை இருக்கு, ஏன் இன்னும் நிறைய வைக்க மாட்டேங்கறாங்க?

வைக்கிறார்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-ல் மட்டும் உலகத்தில் 13 லட்சத்துக்கும் அதிகமான பொது சார்ஜிங் பாயிண்ட்கள் சேர்ந்தன, மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவில். எண்ணிக்கை இருக்கிறது, பரவல்தான் சீராக இல்லை.

வேகம் தடைப்படுவது பெரும்பாலும் மின் இணைப்பில். பத்து கார் ஒரே நேரத்தில் 150 கிலோவாட் இழுத்தால் 1.5 மெகாவாட், அதற்குத் தனி டிரான்ஸ்பார்மரும் கேபிளும் வேண்டும், அது வர மாதங்கள், சில இடங்களில் வருஷங்கள் ஆகும். அப்புறம் பல ஊர்களில் மின்வாரியம் உச்சபட்சமாக எவ்வளவு இழுத்தோம் என்பதற்கும் தனியாகக் கட்டணம் வாங்கும், ஒரு நாளைக்கு நாலே கார் வந்தாலும் அந்தக் கட்டணம் குறையாது. கார் அதிகம் வராத சாலையில் நிலையம் நஷ்டத்தில் ஓடும், நஷ்டத்தில் ஓடும் நிலையத்தில் பராமரிப்புக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள், பழுதான நிலையத்துக்கு கார் வராது. இந்தச் சுழலைச் சந்தை மட்டும் உடைக்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்று சட்டமாகவே போட்டது.

பேட்டரியையே மாத்திட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே?

பெட்டர் பிளேஸ் என்ற நிறுவனம் இஸ்ரேலில் அதைத்தான் முயன்றது, 2013-ல் மூடிவிட்டது. அதற்கேற்ற கார் ஏறக்குறைய ஒரே மாடல்தான் இருந்தது. சீனாவில் நியோ நிறுவனம் 3000-க்கும் மேல் மாற்று நிலையங்களை நடத்துகிறது, ஆனால் காரும் பேட்டரியும் நிலையமும் தன் கைக்குள் இருப்பதால் அது முடிகிறது. ஸ்கூட்டரில் இது நன்றாகவே நடக்கிறது, தைவானில் கோகோரோ 2015-லிருந்து செய்கிறது. கையால் தூக்கக்கூடிய பேட்டரி என்பதால் அங்கே பொருந்துகிறது. எல்லா கார் நிறுவனங்களும் ஒரே அளவு பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

5 நிமிஷத்துல ஏறுதாமே, அது வரட்டும்னு காத்திருக்கலாமா?

பிஒய்டி 2025 மார்ச்சில் 1000 கிலோவாட் வரை வாங்கும் காரை அறிவித்தது, ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்றது. தொழில்நுட்பம் உண்மையானதுதான். ஆனால் முந்தைய பதிலில் சொன்ன டிரான்ஸ்பார்மர் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு காருக்கு ஒரு மெகாவாட். பல இடங்களில் நிலையத்துக்கே ஒரு பெரிய பேட்டரி வைத்துத்தான் கொடுக்க முடியும். நீங்கள் போகிற பாதையில் அது வரக் காலமாகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்ல பார்க்கிங் இல்ல. வெளி சார்ஜரை மட்டும் நம்பி வாங்கலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. வேலை செய்கிற இடத்திலோ, ராத்திரி வண்டி நிற்கும் தெருவிலோ ஏசி பாயிண்ட் இருந்தால் தைரியமாக வாங்கலாம், 7 கிலோவாட்டே போதும், கார் எட்டு மணி நேரம் சும்மாதானே நிற்கிறது. டிசி மட்டும்தான் வழி என்றால் வாரத்தில் எத்தனை தடவை போக வேண்டும், அந்த இடத்தில் எத்தனை கன் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு கன் உள்ள நிலையத்தை நம்பி கார் வாங்காதீர்கள். நடந்து போகிற தூரத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் நிலையங்கள் இருந்தால் சரி. ராத்திரியில் வெளிச்சம் இருக்கிறதா, கூரை உண்டா, தனியாகப் போகிற பெண் அங்கே அரை மணி நேரம் பயமில்லாமல் உட்கார முடியுமா, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தக் கனத்த கன் எட்டுமா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். மேப்பில் இதெல்லாம் தெரியாது.

புகார் சொன்னா ஏதாவது நடக்குமா, வீண் வேலையா?

நடக்கிறது, சொல்கிற விதத்தில் சொன்னால். "வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் அவர்கள் திரையில் பச்சையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண், எந்தக் கன், நேரம், திரையில் வந்த பிழைக் குறி, கார் மாடல், எத்தனை விநாடி ஏறி நின்றது, இவ்வளவையும் ஒரு புகைப்படத்தோடு அனுப்புங்கள். நிலையத்தில் ஆள் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அதே வரிகளைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதும் ஆப்பிலும் போடுங்கள், உங்களுக்கு அடுத்து 9 சதவீதத்தோடு வருகிறவர் அதைப் பார்ப்பார்.

வேலை செய்தாலும் எழுதுங்கள். நான் அன்று போய்ச் சேர்ந்த அடுத்த நிலையத்தை நம்பியதற்கு ஒரே காரணம், அன்று மாலை யாரோ ஒருவர் "இரண்டாவது கன், 48 கிலோவாட், சரியாக ஏறியது" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார்.